பாண்டிச்சேரி நம்பர் வண்டி

காருக்குள் உட்கார்ந்து யாராவது எதையாவது தின்றால் எனக்கு ஆகாது. ஒரு வடைத்தூள் விழுந்தாலும் சீட்டு இடுக்கில் ஒட்டிக்கொள்ளும், எறும்பு வரும், எண்ணெய் வாடை ஆறு மாதத்துக்குப் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சுத்தம் பார்ப்பவன். மற்றபடி யாருக்கும் கெடுதல் நினைத்தவனில்லை.

தாளும் பேனாவும் கொடுத்து நடந்ததை என் கைப்பட எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். என் பெயர் தனுஷ்கோடி. வயது ஐம்பத்து நாலு. அருப்புக்கோட்டையில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். மனைவி தங்கம்மாள். ஒரே மகள் கனகலட்சுமி, இருபத்தைந்து வயது. அவளைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அதற்குக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, பருத்தி வந்தால் புழு, புழு வந்தால் எனக்கு வியாபாரம். எம்.ரெட்டியபட்டியிலிருந்தும் நரிக்குடியிலிருந்தும் பருத்தி போட்ட சம்சாரிகள் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவார்கள். வேர்வையும் ஆட்டு வாடையுமாகக் கடையை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். காயில் இருந்த புழுவைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து என் மேஜைமேல் அவிழ்ப்பார்கள். "அண்ணாச்சி, இதுக்கு என்ன மருந்து அடிக்கணும்?" புழு பாதி நசுங்கிப் பச்சையாக வழியும். அந்த மேஜையில்தான் நான் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு சம்பாதித்தேன். மருந்து வாடை இல்லாத ஓர் இடம் இந்த உலகத்தில் எனக்கென்று வேண்டும் என்று நினைத்தது பெரிய ஆசையா?

தொண்ணூற்று மூன்றில் வெள்ளை மாருதி வாங்கினேன். ஏ.சி. வைத்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் திருச்சுழி ரோட்டுப் புழுதி வெளியே நின்றுவிடும்.

அதைப் பாண்டிச்சேரியில் பதிவு செய்தேன். வரி குறைவு என்று ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் வரிக்காக மட்டும் செய்யவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பி.ஒய். என்று நம்பர் போட்ட கார் ஒன்றைப் பார்த்திருந்தேன். அதைச் சுற்றி நாலு பேர் நின்று, யார் வீட்டு வண்டி என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற நம்மூர் நம்பர் கார்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது மனசில் தங்கிவிட்டது. எனக்கு அந்த வண்டி வந்த பிறகு திருச்சுழி தாலுகா ஆபீஸ் வாசலில் நிறுத்தினால் பியூன் எழுந்து நிற்பான்.

பதிவு செய்வதற்கு அந்த ஊரில் விலாசம் வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும். கார் முதலா, சம்பந்தம் முதலா என்று நீங்கள் கேட்டீர்கள். நல்ல கேள்வி. கனகலட்சுமிக்கு இரண்டு வரன் வந்தது. ஒன்று நரிக்குடியில் பள்ளிக்கூட வாத்தியார். இன்னொன்று பாண்டிச்சேரியில் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஆனந்தகுமார். வாத்தியார் பையன் குறை சொல்ல முடியாதவன். ஆனால் நரிக்குடி விலாசத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஆனந்தகுமார் வீட்டுக்குப் பேசி முடிக்கப் போனேன். சுவரெல்லாம் வெற்றிலை எச்சில். அவன் அம்மா எச்சில் தட்டைக் கையால் வழித்துக் கொட்டிவிட்டு, அந்தக் கையாலேயே எனக்குக் காப்பி நீட்டினாள். குடித்ததாகப் பேர் பண்ணிவிட்டு வைத்துவிட்டேன். அந்த வீட்டில் இன்றுவரை நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. தட்டு மாற்றிக்கொண்டு வந்தேன்.

கல்யாணம் முடிந்து அந்த வீட்டு ரேஷன் கார்டில் கனகலட்சுமி பெயர் சேர்ந்தது. அடுத்த மாதமே அவள் பெயரில் கார் பதிவானது. சட்டப்படி வண்டி அவளுடையது. வழியில் யாராவது மறித்து, வேறு மாநில வண்டி இங்கே என்ன செய்கிறது என்று கேட்டால், மகள் வண்டி, விருந்தாட வந்திருக்கிறாள் என்பேன். ஊரில் கேட்டால் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது என்பேன். "மகராசியா இருக்கா அண்ணாச்சி ஒங்க பொண்ணு" என்பார்கள். அப்படியே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு வசதியும் இருந்தது. இரவல் கேட்டு வருகிறவர்களைத் தட்டிக்கழிக்கலாம். ஒருமுறை ரெட்டியபட்டி விலக்கில் இருளப்பசாமி என்று என் கடை வாடிக்கைக்காரர் ஒருவர் குறுக்கே விழுந்து வண்டியை நிறுத்தினார். அவர் பெண்சாதிக்கு நிறைமாசம், வலி எடுத்து ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். சேலையெல்லாம் நனைந்திருந்தது. நான் கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கி, "இது மக வண்டி, பாண்டிச்சேரி நம்பரு. ஆளு ஏத்துனா போலீஸ்காரன் புடிச்சிருவான்" என்றேன். பஸ் வருகிற நேரம்தான். வந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் என் கடைக்கு வருவதில்லை, ஏன் என்று தெரியவில்லை.

இனி நீங்கள் கேட்ட விஷயம். போன மாதம் ஒரு வியாழக்கிழமை கனகலட்சுமி தனியாக வந்து நின்றாள். மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். அவன் அடிப்பான் என்று அதற்கு முன்பே கடிதம் போட்டிருக்கிறாள். நான் பதில் போட்டதில்லை. இந்தமுறை கடைக்குள் கண்ணாடிப் பலகைமேல் பிடித்துத் தள்ளியிருக்கிறான். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கிழித்திருந்தது. தையல் போடவில்லை. பழஞ்சேலையைக் கிழித்துக் கட்டி, அது காயத்தோடு ஒட்டி, மஞ்சளாக ஊறிக்கொண்டிருந்தது. அவள் அம்மா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன். பெற்ற பிள்ளைதான். ஆனாலும் அந்த வாடை வாடைதானே.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கடையில் மருந்து மூட்டைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தாளைப் பின்சீட்டில் விரித்து, அதன்மேல் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். டாக்டர் சீழை எடுத்துக் கட்டிவிட்டார்.

பதினோரு நாள் இருந்தாள். நாலாம் நாளிலிருந்து கடைக்கு வந்து பில் எழுதினாள். கெட்டிக்காரி. சம்சாரிகளிடம் என்னைவிட நயமாகப் பேசினாள். புழுவைக் கையிலேயே வாங்கிப் பார்த்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஊர்வாய் சும்மா இருக்குமா? மகராசி ஏன் கட்டுப் போட்ட கையோடு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் காரைப் பார்ப்பார்கள், உள்ளே அவளைப் பார்ப்பார்கள், கடைசியில் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நரிக்குடி சம்சாரியின் வேர்வை எவ்வளவோ தேவலை.

பத்தாம் நாள், சனிக்கிழமை, ஆனந்தகுமார் கடைக்குப் போன் பண்ணினான். கார் பாண்டிச்சேரியில் இல்லை என்று யாரோ மனுப் போட்டிருக்கிறார்களாம். திங்கட்கிழமை காலையில் சொந்தக்காரரே வண்டியோடும் ரேஷன் கார்டோடும் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் வந்து, அந்த விலாசத்தில்தான் குடியிருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது.

"மாமா, உங்க பொண்ணு இங்க வந்து குடித்தனம் பண்ணா கார்டுல பேர் இருக்கும். இல்லன்னா பேரை அடிச்சிடுவேன். அப்புறம் காரை நீங்க உங்க ஊர்லயே வச்சுப் பூஜை பண்ணிக்கோங்க" என்றான். வாயில் எதையோ குதப்பிக்கொண்டே பேசினான். போனிலேயே எச்சில் தெறிப்பதுபோல் இருந்தது. காதைத் துடைத்துக்கொண்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் விஷயத்தைச் சொன்னேன். தங்கம்மாள் என்னை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை, அன்றைக்குப் பேசினாள். "அந்தத் தகரத்த வித்துத் தொலைங்க. எம்பிள்ளைய அங்க அனுப்பாதீக."

கனகலட்சுமி அழவில்லை. யோசித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. "அப்பா, காரு எம் பேருலதான இருக்கு. நான் எங்க இருக்கேனோ அங்கதான அது இருக்கணும். நம்பர இங்க மாத்திருங்க. நான் கடையப் பாத்துக்கிட்டு இருந்துக்கிடுறேன். ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் குடுக்க மாட்டேன்" என்றாள்.

சரியான யோசனைதான். மாற்றலாம். பாண்டிச்சேரியில் ஒரு தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரியைக் கட்டினால் முடிந்தது. எனக்கு முடியாத தொகை அல்ல. ஆனால் நம்மூர் நம்பர் மாட்டிய அன்றைக்கே எல்லாக் குட்டும் வெளிப்பட்டுவிடும். மாப்பிள்ளை வாங்கிக் கொடுக்கவில்லை, மகள் வாழவில்லை, தனுஷ்கோடி இரண்டு வருஷமாக அளந்ததெல்லாம் பொய். இதை அவளுக்கு எப்படி விளக்குவது? "காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பணும்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். கட்டு காய்ந்திருந்தது, அதனால் பிளாஸ்டிக் தாள் விரிக்கவில்லை. விழுப்புரத்தைத் தாண்டியதும் சாலையோரம் அதிகாரிகள் வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்.சி. புத்தகம் கேட்டார்கள். அது அவள் பையில், பின்சீட்டில் இருந்தது. அவளுக்குக் கை வலி என்பதால் நானே இறங்கிப் போய்ப் பையைத் திறந்தேன்.

சேலைக்கு அடியில் கைவிட்டபோது ஒரு பாட்டில் தட்டுப்பட்டது. வெளியே எடுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. என் கடைச் சரக்கை நான் தொட்டாலே அறிவேன். கண்ணாடிக் கடையில் பருத்தி விளைவதில்லை.

நீங்கள் மூன்று நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவளுக்கு அது எப்படிக் கிடைத்தது, உனக்குத் தெரியுமா என்று. தெரியும். விழுப்புரத்திலேயே தெரியும். மூடியைத் திருகிப் பார்த்தேன், இறுக்கமாக இருக்கிறதா என்று. காருக்குள் சிந்தினால் அந்த வாடை போகவே போகாது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பையை மூடினேன். நிமிர்ந்தபோது அவள் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடச்சுதாப்பா?" என்றாள்.

"கெடச்சிருச்சும்மா" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதிகாரி புத்தகத்தைப் புரட்டி, சொந்தக்காரர் யார் என்று கேட்டார். "நான்தான்" என்றாள். விட்டுவிட்டார்.

மறுநாள் கையெழுத்து முடிந்ததும் பாட்டிலை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு மறந்துவிட்டேன் என்று எழுதலாமா என்றும் இப்போது யோசித்தேன். மறக்கவில்லை. பாட்டிலை வாங்கினால் அவளையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அதனால் வாங்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் அவளை அந்த வீட்டு வாசலில் இறக்கி, பையையும் என் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது, அவள் எழுந்திருக்கவில்லை, பாட்டில் காலியாகக் கிடக்கிறது என்று.

ஆனந்தகுமாரை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அவன் மனுஷனே இல்லை. ஆனால் என்னை அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருப்பது சரியில்லை. போக்குவரத்து அலுவலகத்தில் அவள் போட்ட கையெழுத்தை வரவழைத்து நீங்களே பாருங்கள். கை நடுங்கவில்லை, ஒரு எழுத்து கோணவில்லை. அப்பாவுக்காக மனசு நிறைந்து போட்ட கையெழுத்து அது.