பதினான்கு விதிகளும் ஒரு ஜோடிச் செருப்பும்

சாம்பசிவம்: ...பலகையில போட்ட கோடு எல்லாத்தையும் இன்னொரு தடவ எண்ணிப் பாரு முப்பிடாதி.

முப்பிடாதி: மூணு தடவ எண்ணியாச்சு சார்வாள். இலைய வாங்கி கூடையில போடப்போட பலகையில ஒரு கோடு. மொத்தம் ஆயிரத்து நூத்தி ஆறு.

சாம்பசிவம்: கடைக்காரங்க சாப்பாடு வச்சு வித்ததே எண்ணூத்தி நாப்பது இலைதான். திரும்பி வந்தது மட்டும் எப்படி ஆயிரத்து நூத்தி ஆறு ஆகும்?

முப்பிடாதி: கூட வந்தா நல்லதுதான? போன வருஷம் போட்டதையும் சேத்துப் பொறுக்கியிருப்பாக.

சாம்பசிவம்: போன வருஷ இலை இந்நேரம் மண்ணாப் போயிருக்குமே!

முப்பிடாதி: மண்ணாப் போற இலைக்கு இம்புட்டு கணக்கு...

சாம்பசிவம்: கணக்கு இல்லன்னா காட்டிலாகா ரேஞ்சர்ட்ட என்னத்தக் காட்ட? எட்டு மணிக்கு வருதாரு. ஐந்தருவி மைதானத்துல ஒரே ஒரு பாலிதீன் கவர் கெடந்தாலும், அடுத்த வருஷம் சாரல் இசை விழாவுக்கு அனுமதி கெடையாதுன்னு எழுதி வாங்கியிருக்காருல்லா?

முப்பிடாதி: வாங்கட்டும். போன வருஷம் கவர முழுங்கிச் செத்துச்சே ஒரு மந்திக்குட்டி... அது தாயி மூணு நாளு தூக்கிட்டு அலைஞ்சத நானும்தான் பாத்தேன்.

சாம்பசிவம்: அதுக்குத்தான இவ்வளவு ஏற்பாடும். கோன் ஸ்பீக்கர் எல்லாத்தையும் காட்டுக்கு முதுகு காட்டிக் கட்டினோம். சாப்பாட்டுக்கு மந்தார இலை. எல்லாத்துக்கும் மேல, செருப்ப வாசல்லயே உங்கிட்ட விட்டுரணும். தின்ன இலையவோ, கொண்டுவந்த கவரையோ திருப்பிக் குடுத்தாத்தான் செருப்பு. மெட்ராஸ்ல உண்டா இப்படி ஒரு யோசனை?

முப்பிடாதி: மெட்ராஸ்ல செருப்பு திரும்பக் கெடைக்கதே பெரிய காரியம்னு எங்க மச்சான் சொல்லுவாரு.

சாம்பசிவம்: சிரி, சிரி.

முப்பிடாதி: சரி, சிரிக்கல. இந்த ஒரு ஜோடிய என்ன செய்ய?

சாம்பசிவம்: எந்த ஜோடி?

முப்பிடாதி: இந்தா, மூலையில நிக்கே. யாரும் கேட்டு வரல. டயர் செருப்பு. எடது குதிகால் தேஞ்சிருக்கு. அறுந்த வாரப் பச்ச நூல் வச்சுத் தச்சிருக்கு...

சாம்பசிவம்: அத... அத அந்தச் சாக்குக்குக் கீழ தள்ளு.

முப்பிடாதி: எதுக்கு? ஒரு ஜோடி நின்னா, ஒரு குப்பை மலையில கெடக்குன்னு அர்த்தம். நீங்க சொன்ன கணக்குதான?

சாம்பசிவம்: குடிகாரன் எவனாவது விட்டுட்டுப் போயிருப்பான்.

முப்பிடாதி: இருக்கும். ஆனா இதுல கட்டுன டோக்கன்ல சாக்பீஸ் சுழி இருக்கு. கவரோட வந்தவங்களுக்குச் சுழி போடணும்னு நீங்கதான எழுதிக் குடுத்திய, ஆறாவது விதி. நேத்து ஆயிரத்துச் சொச்சம் சனத்துல சுழி வாங்குனது ஒரே ஒரு ஆளுதான்.

சாம்பசிவம்: அப்படியா...

முப்பிடாதி: ஆமா. வேர்க்குதோ? சாரல் அடிக்குதே சார்வாள்.

சாம்பசிவம்: வேர்வை இல்ல, சாரல்தான்.

முப்பிடாதி: அதுசரி... காலு ரெண்டும் ஏன் சும்மா கெடக்கு?

சாம்பசிவம்: மலைத் தரையில வெறுங்காலோட நடந்தா ஒடம்புக்கு நல்லது. மூலிகைல்லா.

முப்பிடாதி: நொண்டிக்கிட்டே வந்தியளே!

சாம்பசிவம்: மூலிகையில ஒண்ணு ரெண்டு முள்ளும் இருக்கும்.

முப்பிடாதி: சார்வாள்... டோக்கன் நம்பர் ஒண்ணு. நேத்து வாசல் தொறந்ததும் மொத ஆளா வந்தது யாரு? ஞாபகம் இல்லையோ?

சாம்பசிவம்: நாந்தாம்மா.

முப்பிடாதி: ஆங்!

சாம்பசிவம்: கத்தாத! கமிட்டிக்காரங்க காதுல விழப்போவுது.

முப்பிடாதி: கவர எங்க போட்டிய?

சாம்பசிவம்: நான் போடல. மிருதங்கக்காரரு தனி ஆவர்த்தனம் வாசிச்சாருல்லா, நம்மால சும்மா இருக்க முடியுமா? தாளம் போட ரெண்டு கையும் வேணும். கவர மடியில வச்சேன். முடிக்கையில அடிச்ச அந்தத் தீர்மான அடி இருக்கே... கண்ண மூடிட்டேன். தொறந்தா மடியில கவர் இல்ல. மேல பாத்தா மருத மரத்துல மந்தி.

முப்பிடாதி: தின்பண்டம் வச்சிருந்தியளோ?

சாம்பசிவம்: தின்பண்டமா இருந்தா வெளிய சொல்லலாமே.

முப்பிடாதி: பின்ன?

சாம்பசிவம்: விதி.

முப்பிடாதி: தலைவிதியா?

சாம்பசிவம்: பதினாலு விதியும்மா! 'மைதானத்துக்குள் பாலிதீன் கொண்டு வருவதைத் தவிர்க்கவும்'னு தொடங்குற அந்தத் தாளு. சாரல்ல மை கரைஞ்சுரக் கூடாதேன்னு கவருக்குள்ள போட்டேன்... அடியில செயலாளர் சாம்பசிவம்னு கையெழுத்து வேற.

முப்பிடாதி: அய்யோ... என்னால முடியல... வயிறு வலிக்கு சார்வாள்.

சாம்பசிவம்: சிரிக்காத. அந்த மந்தி மட்டும் கவர முழுங்கியிருந்தா? விடியக்காலம் மலைமேல மரம் மரமாத் தேடிட்டுத்தான் வாரேன். மூணு வருஷமா ஒவ்வொரு ஆபீசா ஏறி எறங்கிக் கொண்டுவந்த விழா. இனி மறைச்சுப் புண்ணியம் இல்ல. ரேஞ்சர் வந்ததும் நானே சொல்லிருதேன். நான் செயலாளரா இல்லாமப் போனாலும் சரி, விழாவ மட்டும் நிப்பாட்டாதீயன்னு கேக்கப் போறேன்.

முப்பிடாதி: நெசமாவே சொல்லிருவியளா?

சாம்பசிவம்: சொல்லத்தான் வேணும்.

முப்பிடாதி: அப்ப இந்தாங்க, செருப்பப் போடுங்க.

சாம்பசிவம்: கவர் இல்லாம நீ குடுக்கக் கூடாது. ஒம்பதாவது விதி... கமிட்டி ஆளா இருந்தாலும்...

முப்பிடாதி: கவர் எங்கிட்டதான் இருக்கு. ஆறு மணி வாக்குல வாழப்பழத்தக் காட்டுனேன், மந்தி கீழ போட்டுட்டுப் பழத்த வாங்கிட்டுப் போயிட்டு. கவர்ல ஒரு பல்லுத்தடம் கூட இல்ல.

சாம்பசிவம்: அடிப்பாவி! இத மொதல்லயே சொல்லப்படாதா?

முப்பிடாதி: நீங்க சொல்லுதியளான்னு பாத்தேன்.

சாம்பசிவம்: வயித்துல பால வார்த்த போ. ரேஞ்சர் வரட்டும் இப்ப! ஒரு துண்டு மிச்சமில்ல. வித்தது எண்ணூத்தி நாப்பது, வந்தது ஆயிரத்து நூத்தி ஆறு!

முப்பிடாதி: அந்தக் கணக்க மட்டும் அவருட்ட சொல்லாதீய.

சாம்பசிவம்: ஏன்?

முப்பிடாதி: ஒண்ணும் வாங்கித் தின்னாதவுக எந்த இலையத் திருப்பிக் குடுப்பாகன்னு உங்க பதினாலுல எங்கயும் இல்ல. சில பேரு செருப்புக்காகவே வடை வாங்கப் போனாக. குப்பையக் கொறைக்கப் போயி கூட்டுன கதையால்லா ஆவுது! மத்தவுக கையப் பெசஞ்சுட்டு நின்னாக. கூடையில இருந்து ஒரு இலைய எடுத்துக் கையில குடுத்து, திருப்பி வாங்கிக் கோடு போட்டேன்.

சாம்பசிவம்: விதிய மீறி...! யாரு மொதல்ல அப்படி வந்து நின்னது?

முப்பிடாதி: உங்க வீட்டம்மா, விஜயம் அக்காதான். 'சார்வாள்ட்ட சொல்லிராத'ன்னாக.

சாம்பசிவம்: அவளுமா! சரி சரி, ரேஞ்சர் வர்ற நேரம். அந்தத் தாளக் குடு, ஒளிச்சு வைக்கேன்.

முப்பிடாதி: இனி ஒளிக்கதுக்கு ஒண்ணுமில்ல. அவரு ஆறு மணிக்கே வந்து மைதானத்தச் சுத்திப் பாத்துட்டாரு. மந்திக்கு நான் பழம் நீட்டையில பக்கத்துல நின்னதே அவருதான்.

சாம்பசிவம்: என்னது! தாளப் படிச்சுட்டாரா?

முப்பிடாதி: பதினாலையும் படிச்சாரு, விழுந்து விழுந்து சிரிச்சாரு. அடுத்த வருஷமும் நடத்தலாம்னுட்டாரு, கீழ அவரு கையால எழுதுனதையும் சேத்துக்கிட்டா. படிக்கேன், கேளுங்க: 'பதினஞ்சு. தனி ஆவர்த்தனம் முடியும் வரை செயலாளர் மடியில் எதுவும் இருக்கக் கூடாது.'