மரத்தின் மேல் குடித்த காப்பி

மான் கறிக்கு வெங்காயம் தாராளமாகப் போட வேண்டும். அந்தக் கைப்பக்குவம் என் தங்கை வெர்னாவுக்கு உண்டு. நேற்றும் ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தாள். அதனால்தான் ஷெரீஃப் ஐயா, உங்களைத் தேடி வந்தேன்.

அவள் கணவன் லைல் என் அம்பு பட்டுச் செத்தது ஊரறிந்த கதை. விபத்து என்று நீங்களே எழுதி மூடினீர்கள். அது பொய்யில்லை. வில் வேட்டையில் மான் கிட்டத்தில் வரும்வரை மரப்பரணில் அசையாமல் காத்திருக்க வேண்டும். அந்தி மங்கலில் புதருக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது, அம்பை விட்டுவிட்டேன். லைல் போட்டிருந்தது பழுப்புச் சட்டை.

அம்பு பட்ட மானை உடனே துரத்தக் கூடாது என்பது எங்கள் விஸ்கான்சின் காட்டு வழக்கம். துரத்தினால் அது வெகுதூரம் ஓடிப் போய்ச் சாகும், கறி வீண். பரணிலேயே உட்கார்ந்து ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டுத்தான் இறங்குவோம்.

லைல் நல்லவன். எனக்கு அதுதான் தொல்லை. பல வருஷமாக என் ஃப்ரீசர் அவன் அடித்த கறியால்தான் நிரம்பியது. அடுக்கி முடித்ததும், என் பிள்ளைகள் காதில் விழ, "மச்சான், நீங்க காப்பி குடிக்கத்தான் மரம் ஏறுறீங்க. கறிக்குத்தான் நான் இருக்கேன்ல?" என்பான். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அன்று அம்பை விட்டபின் பிளாஸ்கைத் திறக்கும்போதே கீழிருந்து குரல் கேட்டது.

"மச்சான், நான்தான். கொஞ்சம் இறங்கி வாங்க."

குரலில் கோபமே இல்லை. நான் காப்பியை ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தேன். வழக்கம் வழக்கம்தானே.

நான் ஓடிப் போவதற்குள் முடிந்துவிட்டது என்று வெர்னாவிடம் சொன்னேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். அவன் ஃப்ரீசரில் மிச்சமிருந்த கறியையும் எனக்கே கொடுத்தாள். அது தீர்ந்ததும் எனக்காகத் தானே வில்லெடுத்தாள். கொண்டுவருவதையெல்லாம் தின்கிறேன்.

நேற்று சட்டியை வைத்துவிட்டு, இத்தனை நாள் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"அன்னிக்கு அவரு வேட்டைக்கே வரலண்ணா. இந்த வருஷமாவது உனக்கு ஒண்ணு கிடைக்கட்டும்னு, உன் மரத்துப் பக்கமா மானை விரட்டிவிடப் போனாரு."

எழுதிக்கொள்ளுங்கள். முதல் கோப்பை வழக்கத்துக்காகக் குடித்தது, அதில் குற்றமில்லை. இரண்டாவதை ஊற்றும்போதும் அவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான்.