மீட்டருக்கு ரசனை கிடையாது

செபமாலை: இப்ப... இப்ப நீ என்னா பண்ணுன?

டிலுக்ஷி: நான் ஒண்ணும் பண்ணலைங்க. டீக் கோப்பைய நகத்துனேன்.

செபமாலை: இல்லையே, இடப் பக்கம் கொஞ்சம் சத்தம் கூடுன மாதிரி...

டிலுக்ஷி: கோப்பைய நகத்துனதுக்கா? இந்தப் பாட்டுப் பெட்டியோட மூணு வாரமாச்சுங்க. லெப்டொப்ல இருந்து வர்ற யூஎஸ்பி வயர மாத்தியாச்சு. ஹெட்போன் சொருகுற ஓட்டைய மாத்தியாச்சு. பழைய ஈயத்தையெல்லாம் உருக்கி எடுத்துட்டுப் புதுசா வச்சுக் குடுத்தேன். இன்னும் இடப் பக்கம் கொறையுதுன்னா...

செபமாலை: கொறையுதுதான். பொய்யா சொல்றேன்? முந்தி ஊஊன்னு ஒரு இரைச்சல் வருதுன்னேன். அதையும் நீ நம்பல.

டிலுக்ஷி: நம்புனேனே. சார்ஜரக் கழட்டிட்டு பெட்டரியில ஓட்டுங்கன்னேன், நின்னுச்சு. அது எனக்கும் கேட்டுச்சு. இது எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தாங்க கேக்குது.

செபமாலை: பழகாத காதுக்கு அப்படித்தான் இருக்கும். ரோலர் ரூம்ல இருபத்திரெண்டு வருசம் நின்ன காது டிலு இது. தேயிலைக் கொழுந்து அரைக்கிற மெஷின்ல ஒரு பெல்ட் தளந்தாப் போதும், இங்க குவாட்டர்ஸ்ல படுத்துக்கிட்டே எந்த மெஷின்னு சொல்லுவேன்.

டிலுக்ஷி: போன மாசம் மூணாம் ரோலர் நின்னுபோனத பெக்டரி ஆளு அழகன் ஓடி வந்து கதவத் தட்டித்தானே சொன்னாரு?

செபமாலை: அன்னைக்குக் காத்து வேற பக்கமா அடிச்சிச்சு.

டிலுக்ஷி: சரி. மீட்டர் வச்சும் பாத்துட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் காட்டுது.

செபமாலை: மீட்டருக்கு ரசனை கெடையாது.

டிலுக்ஷி: அப்ப ஒண்ணு செய்வோம். ஹெட்போனத் திருப்பி மாட்டுங்க. இடப் பக்கத்துது வலக் காதுக்கு, வலப் பக்கத்துது இடக் காதுக்கு. கொறச்சல் எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்தா...

செபமாலை: ஆங்?

டிலுக்ஷி: திருப்பி மாட்டுங்கன்னேன்.

செபமாலை: சேச்சே! வயலின்காரர இந்தப் பக்கமும் மிருதங்கக்காரர அந்தப் பக்கமும் உக்கார வச்சுப் பதிவு பண்ணியிருக்காங்க. நம்ம இஷ்டத்துக்கு அவங்கள எழுப்பி எடம் மாத்துறதா? அது கலைக்குச் செய்யிற அவமரியாதை.

டிலுக்ஷி: ரெண்டு நிமிசந்தாங்க.

செபமாலை: ரெண்டு நிமிசம்னாலும் அவமரியாதை அவமரியாதைதான்... நீ ஏன் எப்பவும் இந்தப் பக்கமே வந்து ஒட்டிக்கிட்டு உக்காருற? இடப் பக்கம் நாற்காலி காலியாத்தானே கெடக்கு?

டிலுக்ஷி: இங்கதான் வெளிச்சம்.

செபமாலை: சன்னல் அந்தப் பக்கம்ல இருக்கு?

டிலுக்ஷி: ...மணி என்னாங்க?

செபமாலை: ரெண்டே முக்கா. நாலு மணிக்கு நம்ம ரசிகர் குரூப் றோலண்ட் மாஸ்டர் பெட்டியக் கேட்டுப் பாக்க வந்துருவாரு.

டிலுக்ஷி: அவர யாரு கூப்புடச் சொன்னா? அப்படி என்னாதான் எழுதுனீங்க வாட்ஸ்அப் குரூப்ல? வாசிங்க.

செபமாலை: ம்... 'கந்தப்பளை ஒலி ரசிகர் வட்டத்தின் அன்பர்களே! வெளிநாட்டுக் கருவிகளுக்குச் சவால் விடும் வகையில், அடியேன் சுயமாகச் சிந்தித்து, தன் கைப்படவே உருவாக்கியுள்ள பி.ஓ.பி.-ஒன்று என்னும் ஒலிமாற்றி, கணினியில் உறங்கும் இசையைத் துளியும் சிந்தாமல் தங்கள் செவிகளில் சேர்க்கவல்லது...'

டிலுக்ஷி: தன் கைப்பட.

செபமாலை: எழுத்துன்னா அப்படித்தான் வரும்.

டிலுக்ஷி: கட்டுநாயக்க எலக்ட்ரோனிக் பெக்டரியில ஆறு வருசம் போர்டுக்கு ஈயம் வச்சது எந்தக் கைங்க?

செபமாலை: சிந்தனை என்னோடது. ஈயம் உன்னோடது. சிந்தனையத்தான் உலகம் கேக்கும்.

டிலுக்ஷி: அது என்னா பி.ஓ.பி.-ஒன்று?

செபமாலை: மாடல் பேரு.

டிலுக்ஷி: உங்க பெக்டரியில சாம்பிள் தேயிலைத் தூள் போட்டுக் குடுத்த டின்னுக்குள்ளதானே போர்ட வச்சுருக்கோம்? மூடியில எழுதியிருக்கிறது தூளோட தரமுங்க.

செபமாலை: எழுத்து அழகா இருந்துச்சு... வெளையாடாத டிலு. மாஸ்டர் ஒரு வார்த்த நல்லால்லன்னு சொன்னா குரூப்ல இருக்கிற பதினோரு பேருக்கும் தெரிஞ்சுரும். அதுல ரெண்டு பேரு நம்ம பெக்டரி ஆளுங்க. மெஷின்ல ஒரு முனகல்னா தோட்டத்துப் பெரிய தொர என் காதத்தான் நம்பிக் கூப்புடுறாரு. அந்தக் காதே சந்தேகம்னு ஆச்சுன்னா... அப்புறம் என்னையக் கொண்டு போயி கொழுந்து நிறுக்கிற எடத்துல நிப்பாட்டுவாங்க.

டிலுக்ஷி: ...குடுங்க அத. குசினி மேசைக்குக் கொண்டு போறேன். பத்து நிமிசம். எட்டிப் பாக்கக் கூடாது.

செபமாலை: நான் பாத்தா என்னா?

டிலுக்ஷி: நீங்க சிந்திச்சுக்கிட்டு இருங்க.

செபமாலை: டிலு, பத்து நிமிசம் ஆச்சு!

டிலுக்ஷி: இந்தாங்க. இப்பப் போட்டுப் பாருங்க.

செபமாலை: டிலு... நடுவுல நிக்கிறா.

டிலுக்ஷி: யாரு?

செபமாலை: பாடுறவ! நேரா என் மூக்குக்கு முன்னால வந்து நிக்கிறா! மூணு வாரமா வலப் பக்கமே ஒதுங்கி நின்னா... என்னா பண்ணுன?

டிலுக்ஷி: ஒரு சின்ன சாமான். ரெசிஸ்டர்னு சொல்லுவாங்க, ஒரு வயர்ல போட்டேன்.

செபமாலை: அதத்தான் நானும் சொல்லலாம்னு இருந்தேன்.

றோலண்ட்: வீட்டுல ஆள் இருக்கா? கொஞ்சம் முந்தியே வந்துட்டேன்.

செபமாலை: வாங்க மாஸ்டர், வாங்க! உக்காருங்க. இதுதான் அது. ஹெட்போன்ல 'எல்'னு போட்டிருக்கிறது இடக் காதுக்கு.

றோலண்ட்: எனக்குமா சொல்லணும்? ஜப்பான் சாமான் வச்சுக் கேட்ட காது இது... ம். ம்ம்ம்.

செபமாலை: எப்படி மாஸ்டர்?

றோலண்ட்: பேசாதீங்க. கண்ண மூடிக்கிட்டுத்தான் கேக்கணும்... சிறப்பு. ஆழம் இருக்கு, அகலம் இருக்கு. ஆனா எல்லாத்தையும் விட அந்தச் சமநிலை இருக்கு பாருங்க... இடமும் வலமும் தராசு புடிச்ச மாதிரி! ஒரு மயிரிழை பிசகு இருந்தாலும் நான் கண்டுபுடிச்சிருவேன்.

டிலுக்ஷி: தேத்தண்ணி குடிங்க மாஸ்டர்.

றோலண்ட்: நேரமில்ல தங்கச்சி, பஸ்ஸு போயிரும். பஸ்ல இருந்தே குரூப்ல எழுதிர்றேன். உங்க வீட்டுக்காரர் கை பொன்னுங்க.

டிலுக்ஷி: ஆமாங்க மாஸ்டர். ஒரு சொட்டு ஈயம் படாத கை.

றோலண்ட்: ஹஹ... வரேன் செபமாலை.

செபமாலை: கேட்டியா? தராசு புடிச்ச மாதிரி!

டிலுக்ஷி: கேட்டேன். ஏங்க... கோவிச்சுக்கக் கூடாது.

செபமாலை: இன்னைக்கு எனக்குக் கோவமே வராது. சொல்லு.

டிலுக்ஷி: ரெசிஸ்டர நான் வலப் பக்க வயர்ல போட்டேன். இடப் பக்கத்தக் கூட்டல. வலப் பக்கத்தப் பாதியாக் கொறச்சு வச்சிருக்கேன். சாதாரணக் காதுக்கு அது ஒரு பக்கமா சாஞ்சுதான் கேக்கணும்.

செபமாலை: அப்ப மாஸ்டரு...

டிலுக்ஷி: மரியாதை கூடிப்போச்சோ, காது கொறஞ்சுபோச்சோ. அந்த ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

செபமாலை: ஹ... ஹஹஹ! ஜப்பான் காது!

டிலுக்ஷி: சிரிச்சது போதும். பெட்டியில பழுதே இல்லங்க. உங்க இடக்...

செபமாலை: தெரியும்.

டிலுக்ஷி: என்னா தெரியும்?

செபமாலை: செவ்வாக்கெழம நீ கடைக்குப் போனப்ப திருப்பி மாட்டிப் பாத்துட்டேன். கொறச்சல் அந்தப் பக்கம் போகல. இங்கயேதான் நின்னுச்சு.

டிலுக்ஷி: கலைக்கு அவமரியாதை பண்ணிட்டீங்களா?

செபமாலை: ரெண்டு நிமிசந்தான்.

டிலுக்ஷி: அப்புறம் எதுக்கு வியாழக்கெழம என்னைய உக்கார வச்சு மறுபடி ஈயம் வைக்கச் சொன்னீங்க?

செபமாலை: பெட்டின்னா மாத்துறதுக்கு வயரு இருக்கு, ஓட்டை இருக்கு. காதுல எதப் புடிச்சு மாத்துறது? இன்னுமொரு தடவ பெட்டி மேலயே பழியப் போட்டுப் பாப்போம்னுதான்.

டிலுக்ஷி: புதன்கெழம லீவு போடுங்க. நுவரெலியாவுல காது டாக்டருகிட்ட பேர் பதிஞ்சிருக்கேன்.

செபமாலை: பெரிய தொர நாளைக்கே மெஷினக் கேக்கக் கூப்புட்டா?

டிலுக்ஷி: வலக் காத நீட்டிக்கிட்டுப் போங்க. ரொம்ப உன்னிப்பாக் கேக்குறீங்கன்னு நெனச்சுக்குவாரு.

செபமாலை: இரு... இப்பத்தானே நான் ஒத்துக்கிட்டேன். பேர எப்ப பதிஞ்ச?

டிலுக்ஷி: போன மாசம்.

செபமாலை: போன மாசமா? பெட்டி பழுதாகுறதுக்கு முந்தியேவா? அப்ப உனக்கு... எப்பத்தான் தெரியும்?

டிலுக்ஷி: உங்களுக்குச் செவ்வாக்கெழம. எனக்குப் போன வருசம், பூண்டுலோயா கல்யாண வீட்டுல. இடப் பக்கம் உக்காந்து மூணு தடவ கூப்புட்டேன், நீங்க திரும்பல. அன்னைல இருந்துதான் பஸ்லயும் மேசையிலயும் இந்தப் பக்கமே உக்காருறேன்.