நடு அக்காவோட ரெண்டு பெட்டி

மேடையில இருக்கிற பெரியவங்களுக்கு வணக்கம். எனக்கு வலது பக்கமா உட்கார்ந்திருக்கிற ஹாம் ரேடியோ தேசியச் சங்கத்துக்காரங்களுக்கு வணக்கம். இடது பக்கமா உட்கார்ந்திருக்கிற தொண்டர் குழுக்காரங்களுக்கும் வணக்கம். ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல ஒரு லாரி போற அளவுக்கு இடம் விட்டிருக்கீங்களே, அந்தக் காலி இடத்துக்கும் ஒரு வணக்கம். அங்கதான் நம்ம நடு அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாங்க. இன்னைக்கு இந்தப் படத்துக்குள்ள உட்கார்ந்திருக்காங்க. படத்துக்கு வலது பக்கம் சங்கத்து மலர்வளையம், இடது பக்கம் குழு மலர்வளையம். ஒண்ணைவிட ஒண்ணு அரை விரக்கடை பெருசா இருந்திடக் கூடாதுன்னு அளந்து வாங்கியிருக்கீங்க. பார்த்தேன்.

கடைசியாப் பேச என்னை ஏன் கூப்பிட்டாங்க தெரியுமா? சங்கத் தலைவர் கடைசியாப் பேசினா குழு எழுந்து போயிடும். குழுத் தலைவர் பேசினா சங்கம் எழுந்து போயிடும். நான் எந்தப் பக்கமும் இல்லாதவன். ரெண்டு பேருக்கும் ஆன்டெனா கம்பம் ஏறிக் கட்டுறவன். ஹாம் லைசென்ஸ் பரீட்சை எழுதினப்பல்லாம் தவறினவன். மின்சாரத்துக்குத் தடை எதனால வருதுன்னு ஒரு கேள்வி. இந்த ரெண்டு தலைவருங்களாலன்னு எழுதியிருந்தா பாஸாயிருப்பேன்! சிரிக்காதீங்க, படத்துக்கு முன்னாடி நிக்கிறோம். சரி, சிரிச்சுட்டுப் போங்க. அவங்க இருந்திருந்தா முதல்ல சிரிச்சிருப்பாங்க.

சபையோரே, யாரு இந்த நடு அக்கா? என்னைவிட வயசுல சின்னவங்க. ஆனாலும் ஊருக்கே அக்கான்னா எனக்கும் அக்காதான். அவங்க மட்டும் என்னை "தம்பி, கம்பத்துல பார்த்து ஏறுப்பா"ன்னு கூப்பிடுவாங்க, எல்லார் முன்னாடியும், என் வழுக்கையைப் பார்த்துக்கிட்டே.

பஸ் ஸ்டாண்டுல மைக் பிடிச்சு அறிவிப்பு சொல்ற உத்தியோகம் பார்த்தவங்க. எந்த வண்டி, எத்தனாவது நடைமேடைன்னு ரெண்டு ரெண்டு தடவை சொல்லிச் சொல்லி, வீட்டுலயும் அதே பழக்கம். "சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க." "குடை எடுத்துக்கோ, குடை எடுத்துக்கோ." கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டப்போகூட "சம்மதம், சம்மதம்"னு சொன்னாங்களாம். மாப்பிள்ளை ரெண்டு நாள் பயந்தே போயிட்டாராம், பொண்ணுக்கு என்ன அவசரமோன்னு. இந்த ரெண்டு தடவையை ஞாபகம் வெச்சுக்கோங்க. அப்புறமா வருவேன் அதுக்கு.

சங்கம் ஆரம்பிச்ச காலத்துலயே அவங்க உறுப்பினர். தொண்டர் குழுவுல பாதிப் பேருக்கு மைக் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவங்களும் அவங்கதான். ரெண்டு பக்கத்துக்கும் சண்டை வந்தது எதுக்கு? மறந்திருப்பீங்க. சட்டைக்கு! பெயிண்ட் கம்பெனி தீப்பிடிச்சப்போ குழுக்காரங்க முதுகுல 'அவசர ரேடியோ'ன்னு எழுதின ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கிட்டு ஓடினாங்க. பேப்பர்ல அந்தச் சட்டைதான் வந்துச்சு. எங்க அனுமதி இல்லாம அந்த எழுத்தைப் போடக் கூடாதுன்னு சங்கம் சொல்லிச்சு. பதிவு பண்ணி எங்க கீழ வாங்கன்னு சொல்லிச்சு. கூட வர்றோம், கீழ வர மாட்டோம்னு குழு சொல்லிச்சு. கூட, கீழ, கூட, கீழன்னு ஒரு மழைக்காலம் பூரா போச்சு. கடைசியில இவங்க ஒரு அலைவரிசை, அவங்க ஒரு அலைவரிசைன்னு பிரிஞ்சாச்சு.

பிரிஞ்சதாவது தூரமாப் பிரிஞ்சீங்களா? ரேடியோப் பெட்டியில இருக்கிற குமிழை ஒரு திருப்பு திருப்பினா அடுத்தவன் குரல் வந்துடும். அந்த ஒரு திருப்பு யாருக்கு மனசு வந்துச்சு? யாருக்கும் வரலை! நம்ம சங்கத் தலைவர் பல் டாக்டர். ஊர்ல இருக்கிற எல்லாரையும் "ஆ"ன்னு வாயைத் திறக்க வைக்கிற மனுஷன். அவர் வாய் மட்டும் குழுப் பக்கம் திறக்கலை. குழுத் தலைவர் வெல்டிங் பட்டறை வெச்சிருக்கிற தம்பி. உடைஞ்ச கேட்டு, உடைஞ்ச சைக்கிள், எது கொண்டு போனாலும் ஒட்ட வெச்சுக் கொடுப்பான். இதை மட்டும் ஒட்டலை. மொறைக்காதே தம்பி. உன் கம்பத்துலதான் நாளைக்கு ஏறணும் நான்.

அப்போதான் அக்கா சொன்னாங்க, "நீங்க ராசியாகுற வரைக்கும் ஒரு வாரம் நான் நடுவுல இருக்கேன்"னு. அவங்க மேஜையில வலது பக்கம் சங்கத்து அலைவரிசைக்கு ஒரு பெட்டி, இடது பக்கம் குழு அலைவரிசைக்கு ஒரு பெட்டி. இதுல வர்றதை அதுல சொல்லுவாங்க, அதுல வர்றதை இதுல சொல்லுவாங்க. அந்த மேஜை நடு நிலையம் ஆச்சு, அவங்க நடு அக்கா ஆனாங்க. அந்த ஒரு வாரம் இன்னும் முடியலை, நண்பர்களே. அவங்க முடிஞ்சு போயிட்டாங்க.

எவ்வளவு பேரைக் காப்பாத்தியிருக்காங்க அந்த மேஜையில இருந்து! போன புயலுக்கு முகாம்ல இருந்த சர்க்கரை நோயாளிக்கு ஊசி மருந்து வந்தது அவங்களால. அரசாங்கக் கட்டுப்பாட்டு அறையில, படகுக்காரங்க பக்கத்துல உட்கார இடம் கிடைச்சது சங்கத்துக்கு மட்டும்தான். தெருவுல, முகாம்ல, மொட்டை மாடியில நின்னது குழு. கண்ணு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நடுவுல அவங்க.

வந்த சேதியை வந்த வார்த்தையிலயே சொல்லுவாங்க. ஒரு எழுத்து மாத்த மாட்டாங்க. முகாம்ல ஒரு பெரியவர் "எனக்கு மாத்திரை தீர்ந்து போச்சு"ன்னு சொன்னா, இவங்களும் சங்கத்துப் பெட்டியில "எனக்கு மாத்திரை தீர்ந்து போச்சு"ன்னுதான் சொல்லுவாங்க. திட்டு வந்தா மட்டும் சிக்னல் போயிடும். டாக்டர் குழுவைப் பத்தி ஏதாவது உதிர்ப்பாரு, இவங்க இடது பெட்டியில "சரியாக் கேக்கலை, சரியாக் கேக்கலை"ன்னுடுவாங்க. ஒரு தடவை சங்கத்துல இருந்த புது ஆள் ஒருத்தர் பதறிப் போய், "அக்கா, மாத்திரை உங்களுக்கா?"ன்னு கேட்டுட்டார். அக்கா என்ன சொன்னாங்க? "எனக்கு என்னய்யா கேடு? நான் வெறும் கம்பி. கம்பிக்குக் காய்ச்சல் வருமா?" அன்னைக்கு எல்லாரும் சிரிச்சோம்.

இந்தத் தடவை வெள்ளம் வந்த ரெண்டாவது நாள் மத்தியானம். நான் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில குழுவோட கம்பத்தைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிக்கிட்டிருந்தேன். கீழ வகுப்பறையில பெட்டி. பக்கத்துல மருந்து பிரிச்சு வெச்சுக்கிட்டிருந்தது அக்காவோட மகள். மருந்துக் கடையில வேலை பார்க்கிற பொண்ணு, லைசென்ஸும் வாங்கின பொண்ணு. இதோ முன் வரிசையில, எந்தப் பக்கமும் சேராம உட்கார்ந்திருக்கே, அதுதான்.

அக்கா குரல் வந்துச்சு. "எனக்கு மூச்சு முட்டுது. நெஞ்சை அடைக்குது." ரெண்டு மைக்கையும் ஒண்ணா அழுத்தியிருக்காங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கேட்டிருக்கு.

சங்கம் என்ன நினைச்சது? குழுவோட முகாம்ல ஒரு நோயாளின்னு நினைச்சது. குழு என்ன நினைச்சது? சங்கத்துப் பக்கம் ஒரு நோயாளின்னு நினைச்சது. சங்கம் சொல்லுது, "அக்கா, எந்தத் தெருன்னு அவங்ககிட்ட கேளுங்க." குழு சொல்லுது, "அக்கா, ஆளு யாருன்னு அவங்ககிட்ட கேளுங்க." அவங்க பதில் சொல்லலை. "பார்த்தியா, இவங்க எப்பவும் அரைகுறையாத்தான் சேதி அனுப்புவாங்க"ன்னு இந்தப் பக்கம் சலிச்சுக்கிச்சு. அதே வார்த்தையைச் சொல்லி அந்தப் பக்கமும் சலிச்சுக்கிச்சு. அத்தனை வருஷத்துல அந்த அம்மா தனக்குன்னு பேசின ஒரே ஒரு பேச்சு, அதையும் அடுத்தவன் பேச்சுன்னு நினைச்சுட்டோமே! கம்பிக்குக் காய்ச்சல் வந்துச்சு சபையோரே. வந்தது நமக்குத் தெரியலையே!

தெரிஞ்சது மகளுக்கு மட்டும்தான். நான் மாடிப்படி இறங்கி வர்றேன், பொண்ணு கையில இருந்த மாத்திரை அட்டையெல்லாம் தரையில கிடக்குது. "மாமா, அம்மா ஒரு தடவைதான் சொன்னாங்க. ஒரு தடவைதான் சொன்னாங்க மாமா"ன்னுச்சு. சாப்பிட வான்னு சொல்லவே ரெண்டு தடவை சொல்ற பொம்பளை, மூச்சு முட்டுதுன்னு ஒரு தடவைதான் சொல்லியிருக்கு. ரெண்டாவது தடவைக்கு மூச்சு இல்லை.

அக்கா வீடு நாலு தெரு தள்ளி. போற தண்ணி ஆளை நிக்க விடாது. படகு சங்கத்துக்கிட்ட. பொண்ணு குழுவோட பெட்டியில குமிழைத் திருப்பிச்சு. ஒரே திருப்பு! லைசென்ஸோட கொடுத்த அடையாள எண், அந்தக் கால்சைனைச் சொல்லிப் படகு வேணும்னு கத்துச்சு. என்ன பதில் வந்துச்சு தெரியுமா? நான் பக்கத்துல நின்னு என் காதால கேட்டேன். "இது சங்கத்து அலைவரிசை. குழுவோட சேதியை முறைப்படி நடு நிலையம் வழியாக் கொண்டு வாங்க."

பொண்ணு சொல்லிச்சு, "நடு நிலையம்தாங்க செத்துக்கிட்டிருக்கு."

அதுக்கப்புறம் டாக்டரே மைக்கை வாங்கினாரு. படகோட அவரே வந்தாரு. பள்ளிக்கூடத்து வாசல்ல என்னையும் பொண்ணையும் வெல்டிங் தம்பியையும் ஏத்திக்கிட்டாரு. அதை மறைச்சா எனக்குப் பாவம். அக்கா வீட்டு மாடியில போய்ப் பார்த்தா நாற்காலியில சாய்ஞ்சிருக்காங்க, வலது கையில ஒரு மைக், இடது கையில ஒரு மைக். இடது பெட்டியில ஏதோ ஒரு முகாம்காரர், விவரம் தெரியாம, "அக்கா, அந்த நோயாளி எந்தத் தெரு? அக்கா, எந்தத் தெரு?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. பொண்ணுதான் போய் அதை அணைச்சுது.

தலைமாட்டுல டாக்டரு, கால்மாட்டுல வெல்டிங் தம்பி, ரெண்டு பேருமா அவங்களைத் தூக்கினாங்க. அது குறுகலான மாடிப்படி, நடுவுல ஒரு வளைவு. அந்த வளைவுல பேசாம இறங்க முடியுமா? "கொஞ்சம் சாய்ங்க"ன்னாரு டாக்டரு. "நீங்க முதல்ல இறங்குங்க"ன்னான் தம்பி. அத்தனை வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசின பேச்சு அதுதான். அப்பவும் அந்த அம்மாவை நடுவுல வெச்சுக்கிட்டுத்தான் பேசினீங்க.

சீக்கிரம் வந்திருந்தாலும் உறுதியாச் சொல்ல முடியாதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தையைத்தான் ரெண்டு பக்கமும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க. தொங்குங்க. எனக்குத் தொங்கிப் பழக்கம், கை வலிக்கும்.

சரி, இவ்வளவு நடந்துச்சே, பேசிக்கிட்டாங்களா? இந்த வாரம் பூரா ரெண்டு பேரும் எனக்குத்தான் போன். "அவங்க பேனரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்க" இது டாக்டரு. "முதல் நாற்காலி யாருக்குன்னு அவரைக் கேட்டுச் சொல்லுங்க" இது தம்பி. யோவ், நான் பரீட்சையில தவறினவன்யா, என்னையா நடு நிலையம் ஆக்குறீங்க?

ஒண்ணே ஒண்ணுல மட்டும் ரெண்டு பேரும் ஒத்துப் போனாங்க. அந்தத் தீர்மானத்தை நான் படிக்கணும்னு என் பையில திணிச்சிருக்காங்க. அக்கா பேர்ல நினைவு நடு நிலையமாம். அந்த நாற்காலியில அவங்க மகள் உட்காரணுமாம். கைதட்டுறவங்க தட்டலாம்! என்ன, ஒருத்தரும் தட்டலையா? காலையில அந்தப் பொண்ணு என்கிட்ட சொல்லிச்சு: "மாமா, அம்மா உட்கார்ந்த பள்ளம் அந்த நாற்காலியில இன்னும் மேல வரலை. அதுல என்னை உட்கார வைக்கப் பார்க்கிறாங்க. அம்மா பேரைச் சொல்லிக் கேக்கும்போது மாட்டேன்னு சொல்ல வாய் வரலை."

உனக்கு வரலைன்னா என்னம்மா, எனக்கு வரும். இந்தத் தீர்மானத்தை நான் படிக்க மாட்டேன். அந்த நாற்காலி இனிமே வெறும் நாற்காலி.

எல்லாரும் பேசும்போது அவங்க பணியைத் தொடருவோம்னு உறுதி எடுத்தீங்க. எந்தப் பணியை? உங்க ரெண்டு பேருக்கும் வெட்கம் இல்லாததால அவங்க பார்த்த பணியையா? அதைத் தொடரவே வேண்டாம். அதை முடிச்சு வைக்கிறதுதான் இன்னைக்கு நாம எடுக்க வேண்டிய உறுதி.

படத்துக்குக் கீழ ரெண்டு பெட்டி வெச்சிருக்கேன். பொண்ணைக் கேட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். வலது பக்கத்துப் பெட்டி சங்கத்தைக் கேக்கிற பெட்டி. அதைக் குழு எடுத்துட்டுப் போகணும். இடது பக்கத்துப் பெட்டி குழுவைக் கேக்கிற பெட்டி. அதைச் சங்கம் எடுத்துட்டுப் போகணும். ராத்திரி பகல் அணைக்காம வெச்சிருக்கணும். அணைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா, உங்க ரெண்டு கம்பத்துலயும் எந்த நட்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். ஏறிக் கட்டுன கைக்குக் கழட்டவும் தெரியும். இது என்னோட உறுதிமொழி.

பெட்டியைத் தூக்கிட்டு வந்து யார் கையிலயும் கொடுக்க மாட்டேன். டாக்டரய்யா, நீங்க அந்தக் காலி இடத்தைத் தாண்டி வரணும். தம்பி, நீயும் வரணும். நடுவுல முட்டிக்குவீங்க. முட்டிக்கிட்டா ஏதாவது பேசுங்க.

அக்கா மாதிரி ரெண்டு தடவை சொல்ல எனக்கு வராது. ஒரு தடவைதான் சொல்றேன். ஒரு தடவை சொன்னாலே காதுல வாங்கப் பழகுங்க.

நான் உட்கார்றேன்.