மிருகசீரிஷத்துக்கு ஒரு வரி

எங்கள் சென்டரில் ஒரே ஒரு மின்விசிறி, அது கம்ப்யூட்டருக்கு. செஞ்சி வெயில் உங்களுக்குப் புதிது, ஐயா. சுற்றிலும் பாறை மலை. பகலெல்லாம் குடித்த சூட்டைச் சாயங்காலம்தான் துப்பும். ஜாதகம் பார்க்க வந்தவர்கள் துண்டால் விசிறிக்கொள்வார்கள். மெஷின் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி காற்று வாங்கிக்கொண்டிருக்கும். புதுச்சேரியிலிருந்து அதைப் பழுதுபார்க்க வந்த நீங்களும் வியர்த்துக்கொண்டேதான் புரோகிராமுக்குள் அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தீர்கள். யார் எழுதியது என்று கேட்டீர்கள். சொல்கிறேன், உட்காருங்கள்.

மொதலாளி இராமச்சந்திரன் அதற்கு முன் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். எண்பத்தேழில் பஸ் ஸ்டாண்டு எதிரில் ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று போர்டு மாட்டினார். மாட்டு வண்டியில் மைக் கட்டி, ஊர் ஜோசியர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் புரட்டன் என்றார். மனிதன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது, என் மகள் மீனம்பாளுக்கே இதில் பொருத்தம் பார்த்துத்தான் கல்யாணம் என்று அவலூர்பேட்டை வரைக்கும் அறிவித்தார். அதற்குப் பிறகு எந்த ஜோசியர் வீட்டுப் படியையும் அவர் மிதிக்க முடியாது. இது அவராகவே செய்துகொண்ட ஏற்பாடு.

மெஷினை ஓட்ட என்னை வைத்துக்கொண்டார். நான் கல்லூரியில் கணக்குப் படித்தவன். அங்கே ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம்; ராசிபலன் என் பொறுப்பு. கன்னி ராசிக்காரர்களுக்கு வியாழக்கிழமை விடுதிச் சாம்பாரில் கத்தரிக்காய் தென்படும் என்பது போல எழுதுவேன். பெரும்பாலும் பலிக்காது.

மறு வருஷம் சரஸ்வதி பூஜை முடிந்த வாரத்தில் கரண்டு ஏறி இறங்கி ஹார்டு டிஸ்க் துடைத்துப்போனது. மெஷினை எழுப்பும் டாஸைத் திரும்ப ஏற்றினேன், ஏறியது. ஜாதக புரோகிராம் மட்டும் ஏறவில்லை. முதல் பிளாப்பி பாதியிலேயே நின்று, விட்டுவிடவா, திரும்பப் பார்க்கவா, கண்டுகொள்ளாமல் போகவா என்று இங்கிலீஷில் கேட்டது. இடம் போதவில்லையோ என்று பார்த்தேன். டாஸ் புதுசு, புரோகிராம் பழசு, அதனாலோ என்று பழைய டாஸையே போட்டுப் பார்த்தேன். ஒரே நேரத்தில் இத்தனை கோப்பு திறக்கலாம் என்று ஒரு வரி எழுதவேண்டும், நீங்கள் அறிந்ததுதான், அதையும் எழுதினேன். பிளாப்பி போடும் டிரைவைத் துடைத்தேன். கடைசியில் பிளாப்பியை வெளிச்சத்தில் பிடித்தேன். உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கிறதே, அதன் வழியாகக் கறுப்புத் தகட்டின் மேலேயே சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், நன்றாகக் காய்ந்திருந்தது. எல்லாப் பிளாப்பிக்கும் ஆளுக்கொன்று. மொதலாளி பூஜையில் ஓரவஞ்சனை பார்ப்பதில்லை.

நான் செய்த தவறு, அதை அவலூர்பேட்டைக்காரர்கள் காத்திருக்கும்போது சொன்னது. கன்னத்தில் ஒன்று விழுந்தது.

“சாமிக்கு வெச்ச சந்தனத்தால கெட்டுச்சா? சாமி இல்லன்றவன் கை பட்டுதான்டா கெட்டுச்சு. வுழுந்து கும்புடுறா மெஷின.”

விழுந்து கும்பிட்டேன். இரண்டு கையும் முன்னால் நீட்டி, நெடுஞ்சாண்கிடையாக. காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எழுந்தபோது மீனம்பாள் காபித் தூக்கோடு வாசலில் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மெட்ராசிலிருந்து புதுப் பிளாப்பி வாங்கி வருகிறேன் என்று பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் இறங்கி மதியக் காட்சி சினிமா பார்த்துவிட்டுத் திரும்பினேன். புரோகிராமின் பிரதி ஒன்று எப்போதும் என்னிடம் உண்டு. மறுநாள் ஏற்றினேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஏற்றுவதற்கு முன் ஒரு வரி சேர்த்திருந்தேன்.

அறைந்தவர் உடம்பு திடமானவர், சர்க்கரைகூடக் கிடையாது. அவரை எங்கே தொட்டால் நாள்பட வலிக்கும் என்று யோசித்தேன். மீனம்பாளுக்கு மிருகசீரிஷம். பொருத்தங்களில் ரஜ்ஜு என்று ஒன்று உண்டல்லவா. இந்த நட்சத்திரத்துக்கு அது தட்டினால் புருஷன் உயிருக்கு ஆகாது என்பார்கள். பெண் மிருகசீரிஷம் என்றால், பையன் யாராக இருந்தாலும் ரஜ்ஜு தட்டும். அவ்வளவுதான் வரி. அவள் பெயரை எழுதியிருந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். நட்சத்திரம் என்றால் பொதுவாக இருக்கும். ஆமாம், ஐயா, வெளியூர்ப் பெண்களும் வந்தார்கள். மிருகசீரிஷத்துப் பெண் என்றால் பாவம் என்று இப்போது இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சே இருக்கிறது. குஞ்சம்மாள் என்று ஒரு பெண்ணுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றது. நான் யாரையும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை.

மீனம்பாளுக்கு வரன்கள் வந்தன, போயின. ஒவ்வொரு தடவையும் மொதலாளி மெஷினுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் தாளை வாங்குவார். வாசித்துவிட்டு உட்காருவார். அந்த உட்காருவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். சைக்கிளுக்குக் காற்று இறங்குவது போல மெதுவாக இறங்குவார்.

பிறகு தனகோட்டி வந்தான். அவலூர்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது, அவனுக்கும். தாம்பூலம் மாற்ற நாள்கூடப் பார்த்தாயிற்று. ஊருக்கெல்லாம் சொன்ன சொல்லுக்காக மெஷினில் போட்டார்கள். தட்டியது. அன்று மத்தியானம் மொதலாளி சாப்பிடப் போன நேரத்தில் அவள் வந்தாள்.

“ஜெயராமண்ணா, பொறந்த நேரத்த மாத்திப் போட்டா நட்சத்திரம் மாறிடுமா?”

மாறும் என்றேன்.

“ஒரு நாள் முன்ன பின்ன போட்டுக் குடுங்கண்ணா. நைனாவுக்குத் தெரியாது. உங்கள எங்கயும் காட்டிக் குடுக்க மாட்டேன்.”

“தப்பும்மா. மெஷின ஏமாத்தக் கூடாது.”

அவள் திரையை விரலால் தொட்டாள். “கட்டிக்கினா அவரு செத்துடுவாரா? நெசமாவா?”

“தட்டுதுன்னு வந்திருக்குது. நா இன்னா சொல்றது.”

“அப்ப வேணாம்ணா,” என்றாள். “அவரு நல்லா இருக்கட்டும்.”

அவள் போனதும், சும்மா தெரிந்துகொள்ளத்தான், அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அருமையான பொருத்தம். ரஜ்ஜுவில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தாளைக் கடலைக்காரரிடம் பொட்டலத்துக்குக் கொடுத்தேன். வரியைத் திரும்பப் போட்டேன். தனகோட்டி தைமாதம் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். போயிருந்தேன், சாப்பாடு நன்றாக இருந்தது.

போன மாதம் மொதலாளி என் பக்கத்தில் வந்து, நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். “அன்னிக்கு உன்ன அடிச்சிருக்கக் கூடாது. நீ படிச்சவன், இதெல்லாம் நம்பாதவன். நீ கட்டிக்கிறியாப்பா அவள?” என்று கேட்டார். அவர் என் காலருகில் இருந்தார், ஐயா. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஒரு நாள் தவணை கேட்டேன். கணக்கு நேராகிவிட்டது, இனி அந்த வரியை எடுத்துவிடலாம் என்றே நினைத்தேன்.

எடுத்தேன். எடுத்துவிட்டு, என் ஜாதகத்தையும் அவள் ஜாதகத்தையும் போட்டேன். எனக்கு அவிட்டம். தட்டியது. என் வரி இல்லாமலே, யாரோ எழுதிய சுத்தமான புரோகிராமில், நிஜமாகவே ரஜ்ஜு தட்டியது. ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் மெஷினுக்கு என் மேல் என்ன பகை இருக்க முடியும்? திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அதன் பிறகு மனசுக்கு ஒரு நிம்மதி வந்தது. மொதலாளியிடம் வருத்தத்தோடு முடியாது என்று சொன்னேன். எடுத்த வரியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். நானே பரிசோதித்துப் பார்த்துவிட்டேன், ஐயா. அந்தப் பெண்ணுக்குக் கல்யாண யோகம் இல்லை, அதற்கு நான் என்ன செய்ய முடியும்.