பொம்மைகிட்ட என்ன பேசுறது?

…ரப்பர் பொம்மை தம்பி! உசுரா இருக்கு அதுக்கு? அதுகிட்டப் பேசலேன்னு என் மருமகளை ஃபெயிலாக்கிட்டாங்க. நியாயமா இது? நீயே சொல்லு.

வேண்டாம் வேண்டாம், நீ சொல்லாதே. ஒரு பேச்சுக்குக் கேட்டேன். நீ உள்ள வந்ததும் பேரு, ஏஜென்சி, இப்ப என்ன செய்யப் போறேன்னு ஆரம்பிச்சே பாரு, அதெல்லாம் நம்மகிட்ட வேண்டாம். எனக்கு மூத்திரம் தானாப் போகலேன்னு டியூபு போட்டு விட்டுட்டாங்க. அது பாட்டுக்குப் பையில எறங்குது. தினமும் ஒரு தடவை சுத்தம் பண்ணணும். அவ்வளவுதானே? கையை நீ பாத்துக்க, வாயை நான் பாத்துக்கறேன். கண்ணை மூடிக்குவேன், தப்பா நெனைச்சுக்காதே. அந்த நேரத்துல ஆள் மூஞ்சியைப் பாக்குறதுன்னா எனக்கு ஆகாது. நீ ஒரு வார்த்தை பேசப்படாது, சொல்லிட்டேன். செய்யிறதைச் செஞ்சுட்டுப் போயிட்டே இரு.

தினமும் மருமகதான் செய்வா. இன்னிக்கு அவளுக்குக் கிளாஸ், அதான் நர்ஸ் ஏஜென்சியில சொல்லி உன்னை வரவழைச்சிருக்காங்க. நாளைக்குக் காலையில மறுபடியும் பரீட்சை. நர்சிங் அசிஸ்டென்ட் பரீட்சை தம்பி, நீயும் எழுதித்தானே வந்திருப்பே? எழுதுறதென்ன, அதான் செஞ்சு காட்டுறதுதானே! எழுத்துல அவளை அடிச்சுக்க ஆளு கெடையாது. செஞ்சு காட்டுறதுலதான் போன தடவை மண்ணைக் கவ்வ வெச்சுட்டாங்க. இந்தத் தடவையும் போச்சுன்னு வை, கோர்ஸே மொதல்லேர்ந்து படிக்கணுமாம். பெரிய ஆஸ்பத்திரியில அவளுக்குன்னு ஒரு வேலை சொல்லி வெச்சிருக்காங்க, அதுவும் கையை விட்டுப் போயிடும். வீட்டுல பையன் சம்பளம் ஒண்ணு. அது வர்ற வழியும் தெரியாது, போற வழியும் தெரியாது.

இரு, தண்ணிக் கிண்ணத்தை எதுக்கு நீட்டுறே? ஓ, சூடு பாக்கணுமா? ம்… போதும் போதும். இந்தச் சூடே போதும். இவ்வளவு மரியாதையெல்லாம் எனக்கு எதுக்கு? செய் செய்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், பரீட்சை. அவ என்கிட்டச் சொல்லல, சாப்பிடும்போது பையன்கிட்டச் சொன்னா. இந்த ரூமுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவுல ஒரு பழைய போர்வையைத்தான் திரையாக் கட்டி வெச்சிருக்காங்க, கதவு அந்தப் பக்கம் வாசலுக்கு. எல்லாம் காதுல விழும். நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கல. போர்வைக்குச் சத்தத்தை அடைக்கத் தெரியாதுன்னா நான் என்ன பண்றது?

பரீட்சை ரூம்ல, கட்டில்ல பொம்மை. பொம்மைக்கு டியூபு, தொங்குறதுக்குப் பை, எல்லாம் நெஜம் மாதிரியே. கால்மாட்டுல ஒரு அம்மா பேனாவும் கையுமா நிக்குதாம். இவ போனா. கையைக் கழுவினா, கிளவுஸ் போட்டா, அடியில துணி விரிச்சா. டியூபை ஒடம்புக்குக் கிட்டப் புடிச்சுக்கிட்டா, இழுபடக் கூடாதுல்ல? ஒடம்புலேர்ந்து வெளிப்பக்கமாவே தொடைச்சா. ஒரு தடவை தொடைச்ச எடத்தால மறு தடவை தொடைக்கல, ஒவ்வொரு தடவையும் துணியில புது எடம். அப்புறம் அலசி, ஈரம் ஒத்தி எடுத்து, டியூபு எங்கயும் மடங்கலையேன்னு பாத்து, பை கட்டிலுக்குக் கீழயே தொங்குதான்னு பாத்து, கூப்பிடு மணியைப் பொம்மையோட கைக்கிட்ட வெச்சு… ஒரு கொறை சொல்ல முடியாது தம்பி. அவ்வளவையும் பாத்துட்டு அந்த அம்மா என்ன போடுச்சு தெரியுமா? ஃபெயில்!

ஏன்னா, கதவைத் தட்டலையாம். தான் யாருன்னு சொல்லலையாம். இப்பத் தொடப் போறேன், இப்பத் தொடைக்கப் போறேன்னு ஒரு வார்த்தைகூடப் பேசலையாம். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் வாயே தொறக்கலையாம். பொம்மைகிட்ட என்ன பேசுறது, நீயே சொல்லு! சொல்லாதே.

இதுல கூத்து என்னன்னா, இவ அந்த ரூமுக்குள்ள நுனிக்கால்ல நடந்திருக்கா. கிண்ணத்தைக்கூடச் சத்தம் வராம வெச்சிருக்கா. ஏம்மா இப்படிப் பூனை மாதிரி நடக்குறே, ஏன் பேசலேன்னு அந்த அம்மா கேட்டதுக்கு, யோசிக்காம, “அவங்க தூங்குறாங்கன்னு நெனைச்சேன்”னு சொல்லிட்டாளாம். பொம்மை தூங்குதாம்! அங்க இருந்த எல்லாரும் சிரிச்சுட்டாங்களாம். பையனும் சிரிச்சான். நானும் போர்வைக்கு இந்தப் பக்கம் சிரிச்சேன், வாயைப் பொத்திக்கிட்டு. எங்கேயிருந்துதான் வந்துச்சோ அவளுக்கு அந்தப் பழக்கம்!

எனக்கு அந்த அம்மா மேலதான் கோவம். எதையும் சொல்லிட்டுத்தான் செய்யணும்னா, இட்லிக்கு மாவு ஊத்தும்போது இட்லித் தட்டுகிட்டச் சொல்லிட்டா ஊத்துறோம்?

பேச்சைப் பத்தி என்கிட்டப் பேசுறாங்க பாரு. நான் யாருன்னு நெனைச்சே? ரயில்வே ஸ்டேஷன்ல மைக்ல பேசினவன். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு”ன்னு ஆரம்பிச்சேன்னா, டீ ஆத்துறவன் கை அப்படியே நிக்கும். இன்ன வண்டி, இன்ன பிளாட்பாரம், சற்று நேரத்தில் வந்து சேரும், தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நில்லுங்க… வண்டி வர்றதுக்கு முன்னாடி சொல்லணும் தம்பி, அதுதான் வேலையே. வந்ததுக்கப்புறம் எவன் வேணா சொல்லுவான். ஒரு நாளு மைக் கெட்டுப் போச்சு. வண்டி பாட்டுக்குத் திடுதிப்புன்னு வந்து நின்னுச்சு பாரு, ஜனங்க அடிச்சுப் புடிச்சு அங்கயும் இங்கயும் ஓடுறாங்க. ஒருத்தன் ஒத்தைச் செருப்போட ஏறுறான். ஒரு அம்மா பொட்டியெல்லாம் பத்திரமா ஏத்திட்டுப் புருஷனை விட்டுட்டுப் போயிடுச்சு. அந்த ஆளு என்கிட்ட வந்து அழுவுறான். தெனம் வர்ற அதே வண்டிதான், அதே நேரம்தான். ஒண்ணும் மாறல. சொல்லாம வந்துருச்சு, அவ்வளவுதான். அதுக்கே அந்தக் கலவரம்.

சரி, அதை எதுக்குச் சொல்ல வந்தேன்? மறந்தே போச்சு.

ஆங், பையன். மொதல்ல அவன்தான் செஞ்சான் இந்த வேலையை. அப்பா நான் பாத்துக்கறேன்னு சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டு வந்தான். வந்தவன் டியூபைப் புடிச்சு ஒரு இழு இழுத்தான் பாரு… மேல போயிட்டு வந்தேன். அப்புறம்தான் மருமக வந்தா. படிக்கிறதும் அதுதானே, நானே செய்யறேன்னா. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு தம்பி. மருமக! “மாமா காப்பி”ன்னு டம்ளரை வெச்சுட்டுத் தள்ளி நிக்கிற பொண்ணு! அவ முன்னாடி நான் எப்படி…? வேண்டாம்னு சொல்லவும் வழியில்ல, சரின்னு சொல்லவும் வாய் வரல. அதனால நான் ஒண்ணு பண்ணேன். அவ வர்ற நேரத்துக்குத் தூங்கிடுவேன்.

நெஜமா இல்லப்பா! கண்ணை மூடிக்குவேன். கொறட்டைகூட விடுவேன், நல்லா நீளமா. மொத நாளு அவ கதவைத் தட்டினா. நான் கொறட்டையைக் கூட்டினேன். “மாமா, நான்தான், சுத்தம் பண்ண வந்திருக்கேன்”னா. இன்னும் கூட்டினேன். அதோட விட்டுட்டா. மறுநாளு தட்டல, பேசல. மெதுவா வருவா, நுனிக்கால்ல. முடிச்சுட்டு, போர்வையை இழுத்து மூடி, மணியைக் கைக்கிட்ட வெச்சுட்டு அப்படியே போயிடுவா. அப்புறம் காப்பி கொண்டாருவா, நான் அப்பத்தான் முழிச்ச மாதிரி கண்ணைக் கசக்குவேன். அவளுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை. எப்படி நம்ம ஏற்பாடு? ஒரே ஒரு நாளு மட்டும் கொறட்டைக்கு நடுவுல தும்மல் வந்துருச்சு. தூங்குறவன் தும்முவானா? தெரியல. நான் தும்மிட்டு அப்படியே கொறட்டையைத் தொடர்ந்துட்டேன். அவ ஒண்ணும் கேக்கல.

நேத்து பையனை விட்டுக் கேக்கச் சொல்லியிருக்கா. “அப்பா, பரீட்சை வருது, ஒரே ஒரு தடவை பேசிக்கிட்டே செஞ்சு பாக்கணும்ங்கிறா, கொஞ்சம் முழிச்சுக்கிட்டு இருங்களேன்”ங்கிறான். “அந்த நேரத்துல எனக்குத் தூக்கம் வந்துருதுடா, நான் என்ன பண்ணட்டும்? தலகாணிகிட்டப் பேசிப் பாக்கச் சொல்லு”ன்னுட்டேன். அவளும் தலகாணியைப் படுக்க வெச்சுக்கிட்டு ராத்திரி பூராவும்… “வணக்கம், இப்பத் திரையை இழுத்து விடறேன்… வணக்கம், இப்ப…” அதுக்கு மேல வரல அவளுக்கு. அங்கயே நின்னு போவுது. திரும்பவும் வணக்கம். திரும்பவும் நின்னு போவுது. எனக்கு ரேடியோல செய்தி கேக்க முடியல, அவ்வளவு தொந்தர…

ஐயோ! அம்மா! ஏய்! என்னப்பா இது, திடுதிப்புன்னு! ஈரத் துணியை… நெஞ்சு நின்னு போச்சு எனக்கு! நான் துள்ளினேனே, டியூபு…? புடிச்சுக்கிட்டியா? நல்லவேளை. புடிச்சுக்கிட்டே. இருந்தாலும் ஒரு மனுஷனைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தொடக் கூடாதா? கண்ணை மூடிக்கிட்டுக் கெடக்குறவனுக்கு எப்படித் தெரியும் நீ எப்பக் கையை வைக்கப் போறேன்னு? உங்களுக்கெல்லாம் என்னத்தைச் சொல்லிக் குடுக்…

என்ன? என்ன அப்படிப் பாக்குறே?

ஆமா. நான்தான் பேசாதேன்னேன்.

ம்.

செய்… செய். நான் கண்ணை மூடிக்கறேன்.

தெனமும் இப்படித்தான் தம்பி. சொல்றதுக்கென்ன, நீ யாரோ. மருமக கை நல்ல கை, இதைவிட மெத்துன்னு இருக்கும், தண்ணியும் எதமா இருக்கும். ஆனா எப்ப வரும்னு தெரியாம கெடக்கேன் பாரு, அதுதான். துணியைப் புழியிற சத்தம் கேக்கும், அப்புறம் ஒண்ணும் கேக்காது. அந்த நேரம் பயமா இருக்கும். பயமாத்தான் இருக்கும். தூங்குறவன் துள்ள முடியுமா? பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கொறட்டை விடுவேன். டியூபுன்னா இப்படித்தான் இருக்கும் போலன்னு நெனைச்சுக்கிட்டேன். எப்பத் தொடப் போறாங்கன்னு ஒருத்தரும் சொல்லல, ஏன்னா நான் யாரையும் சொல்ல விடல. இத்தனை வருஷம் ஊருக்கே சொல்லிக்கிட்டிருந்தவன்…

அந்தப் பொண்ணு பொம்மைகிட்டப் பேசியிருப்பா தம்பி. என்கிட்டப் பேசிப் பழகியிருந்தா பேசியிருப்பா. கட்டில்ல படுத்திருக்குற ஆளு தூங்குவாரு, முழிக்கக் கூடாது, பேசினா அவருக்கு மானம் போயிடும்… இது அவளுக்கு எந்தக் கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க? இந்த ரூம்லதான். நான்தான் வாத்தியாரு. அதைக் கேட்டுட்டுத்தான் நான் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன், போர்வைக்கு இந்தப் பக்கம்.

தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? நீ வரும்போது முதல்ல ஏதோ சொன்னியே, நான் வெட்டி விட்டேனே, அதை இப்பச் சொல்லேன். நீ சொன்னா நான் என்ன பதில் சொல்லணும்? எனக்கும் பழக்கமில்லல்ல. சரின்னு சொல்லணுமா, தலையை ஆட்டணுமா? கண்ணை எங்க வெச்சுக்கறது? உன்னைப் பாக்கணுமா, மேல ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தாப் போதுமா? சொல்லுப்பா. இப்பப் பேசலாம் நீ.

தம்பி?

…போயிட்டானா! போர்வை இழுத்து விட்டிருக்கு. மணி கைக்கிட்ட இருக்கு. பை கீழ தொங்குது. எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கான். பேசாதேன்னு சொன்னா, போறதையுமா சொல்லாமப் போறது!

யாரு அது வாசல்ல? செருப்புச் சத்தம். மருமகளா?

நில்லு. அப்படியே நில்லும்மா, உள்ள வராதே. ஒண்ணும் ஆகல எனக்கு, நல்லாத்தான் இருக்கேன். கதவைச் சாத்து. நீ அந்தப் பக்கம் நில்லு. சாத்திட்டியா? இப்பத் தட்டு.

இது என்ன தட்டு, எலி சொரண்டுற மாதிரி? நல்லாத் தட்டு. ஆங், அப்படி.

யாரும்மா? …சத்தமாச் சொல்லு, கேக்கல. பேரையும் சொல்லு. இதுல என்ன வெக்கம், உங்க கல்யாணப் பத்திரிகையில ப்ரூஃப் பாத்தவனே நான்தான். ம். என்ன செய்ய வந்திருக்கே? …ஆமா, அந்தத் தம்பி வந்து செஞ்சுட்டுத்தான் போனான். அதனால என்ன? இன்னொரு தடவை தொடைச்சாத் தேஞ்சா போயிடுவேன்? நாளைக்குப் பரீட்சையை வெச்சுக்கிட்டு நிக்கிறே. போ, முகம் கழுவிக்கிட்டு, தண்ணி எடுத்துக்கிட்டு வா. நுனிக்கால்ல வராதே, நல்லா ஊணி நடந்து வா. ஒவ்வொண்ணையும் தொடுறதுக்கு முன்னாடி சொல்லணும், ஆமா. நான் சரிம்மான்னு சொன்னப்புறம்தான் தொடணும்.

என்னது? …இல்லம்மா. தூங்கல. நான் ஒரு நாளும் தூங்கினதில்ல. அது வந்து…

தெரியுமா? எப்பலேர்ந்து தெரியும்? அந்தத் தும்மலா?

மொத நாளேவா! அப்புறம் எதுக்கும்மா இத்தனை நாளும் நுனிக்கால்ல நடந்தே?

…

எனக்குக் கூச்சமா இருக்கும்னா? சரி. சரிம்மா. அழாதே, குரல் கம்மிப் போயிடும், நாளைக்குப் பேசணும்ல. கண்ணைத் தொறந்துதான் வெச்சிருக்கேன். வா, வணக்கத்துலேர்ந்து ஆரம்பி.