ஒரே கதவு, ரெண்டு வரி

அந்தப் பின்கதவு எதுக்குத் தெரியுமா, அப்புறமா நம்மளத் தூக்கிட்டுப் போறதுக்கு. இப்படித்தான் சார் பேசிக்கிட்டாங்க. யாருன்னு நான் பாக்கல. நான் கழிவறைக்குள்ள இருந்தேன், அவங்க வெளிய கை கழுவிக்கிட்டிருந்தாங்க. இன்னொருத்தி சிரிச்சா. குழாய மூடிட்டுப் போயிட்டாங்க, அவ்வளவுதான்.

இல்ல, அது நெலிடா குரல் இல்ல. நெலிடா குரல் பெல்ட்டு ஓடற சத்தத்தையும் மீறிக் கேக்கும். அவ பேரத்தான் நீங்க மொதல் வரியில எழுதி வச்சிருக்கீங்க, தலைகீழாப் பாத்தாலும் படிக்க முடியுது. கழிவறைக் கதவுல அந்தத் தாள ஒட்டுனது யாருன்னு கண்டுபிடிக்கத்தான் சாந்தியாகோ தலைமை ஆபீஸ்லேர்ந்து உங்கள அனுப்பியிருக்காங்க. ஒட்டுனவளுக்கு அடுத்த செர்ரி சீசன்ல இங்க வேலை கிடையாது. சரி. மூணு மாசம் பழம் பொறுக்கி அடுக்கி, அத வச்சு வருசத்த ஓட்டறவ நெலிடா. கொஞ்சம் பொறுங்க, சொல்றேன்.

தாள் என்னன்னு தெரியணுமில்ல. இந்தப் பழம் அடுக்கற கூடத்துக்கு உள்தணிக்கை நான்தான். வருசத்துக்கு ஒருதரம் நானும் மேனேஜர் வால்தோவும் எலக்ட்ரீசியனும் உக்காந்து, ரொட்டியில வெண்ணெய்ப்பழம் தடவித் தின்னுக்கிட்டே, என்னென்ன ஆபத்து வரலாம்னு பட்டியல் போடுவோம். நாப்பது வரி. நடக்க எவ்வளவு வாய்ப்பு, ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர். நடந்தா எவ்வளவு நாசம், அதுக்கும் அதே மாதிரி ஒண்ணு. ரெண்டையும் பெருக்கணும். பத்தும் அதுக்கு மேலயும் வந்தா தலைமை ஆபீஸுக்குப் போகும். ஒம்போது வரைக்கும் எங்க டிராயர்லயே தூங்கும்.

முப்பத்தோராவது வரி, குளிர் அறையில அம்மோனியா கசிவு, குளிரூட்டற விஷவாயு அது. வாய்ப்பு ரெண்டு, நாசம் அஞ்சு. பத்து வந்துடுச்சு. வால்தோ ரொட்டியக் கீழ வச்சாரு. ஏம்மா யாஸ்னா, பதினெட்டு வருசமா ஒரு சொட்டு கசியல, பெரியவங்கள எதுக்கு எழுப்பற, அதான் பின்னாடி அவசரக் கதவு இருக்குல்ல, எல்லாரும் ஓடிடுவாங்க, நாசத்துக்கு நாலு போடுன்னாரு. ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கு, அவசரக் கதவு உண்டான்னு. உண்டு. டிக் அடிச்சேன். தொறந்திருக்கான்னு கட்டம் கிடையாது. ரெண்டு நாலு எட்டு. டிராயர்.

பதினாலாவது வரி, திருட்டு. போன சீசன்ல நாப்பது பெட்டி செர்ரி பின்கதவு வழியாப் போயிடுச்சு. நாலு நாலு பதினாறு, செவப்பு. உங்களுக்கு வந்துச்சு, ஒரே வாரத்துல உத்தரவும் வந்துச்சு, பூட்டு போடுன்னு. அதே கதவு சார். சாவி வால்தோ பாக்கெட்டுல. மத்தியானம் அவரு சாப்பிட குரிக்கோ டவுனுக்குப் போவாரு, சாவியும் கூடவே போகும்.

ரெண்டு வரிக்கும் நடுவுல பதினாறு வரி இருக்கு. யாரும் சேத்துப் படிக்கல. நானும்தான். கழிவறையில அந்தப் பேச்சு காதுல விழுந்தப்புறம்தான் போயி பூட்டத் தொட்டுப் பாத்தேன். மேல துரு.

எழுதாம இல்ல. டிசம்பர் மூணாந்தேதி உங்க ஆபீஸுக்குத்தான் எழுதினேன். குறிப்பு எடுத்துக்கிட்டோம், மார்ச் ஆய்வுல பாக்கலாம்னு பதில் வந்துச்சு. மார்ச்சுல இங்க ஈ காக்கா கிடையாது சார். செர்ரி ஜனவரியோட முடிஞ்சிடும். இப்பதான் உள்ள எம்பத்திநாலு பொம்பளைங்க நிக்கிறாங்க. வால்தோகிட்டயும் சொன்னேன். பூட்டத் தொறந்தா பதினாறு, மூடுனா எட்டு, எது நல்லதுன்னு நீயே பாத்துக்கோன்னாரு. என் மேசைக்குத் திரும்பி வந்துட்டேன். அந்த எட்ட எழுதுனதும் என் கைதான், யாரையும் குத்தம் சொல்லல.

வியாழக்கிழமை காலையில பொம்பளைங்க கழிவறைக் கதவுல பாத்தது வேற ஒண்ணும் இல்ல. அந்தப் பட்டியல் தாளத்தான் வெட்டி, பதினாலாவது வரிக்குக் கீழயே முப்பத்தோராவது வரி. விளக்கம்கூடக் கிடையாது. நெலிடா அஞ்சாங்கிளாஸ் படிச்சவ. ஈரக்கைய ஏப்ரன்ல தொடச்சுக்கிட்டே ஒருதடவ படிச்சா. வெளிய போயி லாரி நிழல்ல உக்காந்துட்டா. பின்னாடியே ஒண்ணு ரெண்டுன்னு மொத்தப் பேரும். வால்தோ ஓடி வந்தாரு. பழம் சூடாகுது, சீனாவுக்குக் கப்பல் நிக்குது, உள்ள வாங்க பொண்ணுங்களான்னு கெஞ்சினாரு. நெலிடா எந்திரிக்கக்கூட இல்ல. சாவி உங்க பாக்கெட்டுலயே பத்திரமா இருக்கட்டும் வால்தோ சார், நாங்க வெளியவே இருந்துக்கறோம், நீங்க போயி அடுக்குங்கன்னா. மூணு மணிக்கு எலக்ட்ரீசியன் வந்து பூட்ட அறுத்தாரு. அப்புறம்தான் உள்ள போனாங்க.

இல்ல சார், ஒண்ணும் கசியல. இன்னிக்கு வரைக்கும் கசியல. கசியலன்னு தெரிஞ்சேதான் இதெல்லாம் சொல்றேன்.

மொதல்ல உக்காந்தவ அவ, அதனால ஒட்டுனதும் அவதான்னு நீங்க நினைக்கறீங்க. தாள எடுத்திருக்கலாம்தான், டிராயருக்குப் பூட்டு கிடையாது. இங்க இருந்தது ஒரே பூட்டு. ஆனா அவங்க பஸ் ஏழரைக்குத்தான் வரும், தாள் அதுக்கு முன்னாடியே கதவுல இருந்துச்சு. டிரைவரக் கேட்டுக்கோங்க.

பேனா எழுதலையா? இந்தாங்க, என்னோடத எடுத்துக்கோங்க. நெலிடா பேர அடிச்சிடுங்க. யாஸ்னான்னு போட்டுக்கோங்க. அன்னிக்கு ஆறே முக்காலுக்குக் கூடத்துல யாரும் இல்ல. பழப்பெட்டிக்கு ஒட்டற டேப்ப எடுத்துட்டுப் போனேன். ஒரு மூலை கோணலாப் போயிடுச்சு, அதப் பிச்சுட்டு மறுபடி ஒட்டினேன்.